நத்தை தின்ற வல்லாரைப் பாத்தி
வீட்டுத்தோட்டத்தின் பல்லாண்டுப் பயிர்களும் பீடைகளும்

சென்ற மாரியில் மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், குடும்பங்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் ஒரு தாய் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்த குடும்பம் அது. பல இடங்கள் மாறி, இப்போது உறவினர் ஒருவரின் வளவில் ஒரு மூலையில் இருக்கின்றனர். கிணற்று வாய்க்கால் ஓரமாக அவர் வல்லாரைப் பாத்தி ஒன்று போட்டிருந்தார். அல்லது, போட்டிருந்த இடத்தைக் காட்டினார் என்று சொல்வதே பொருத்தம். இலை ஒன்றுகூட இல்லை. ஈர மண்ணின் மேல் வெள்ளி நூல் இழுத்தாற்போல் நத்தை ஊர்ந்த தடங்கள் மட்டும் பளபளத்தன.

"மூண்டு தரம் நட்டாச்சு சுவாமி. மூண்டு தரமும் நத்தை திண்டு போட்டுது. எங்கட காணியெண்டாலும் பரவாயில்லை. ஆற்றையோ காணியிலை நட்டு நத்தைக்குத் தீன் போட எனக்கென்ன விசரே?" என்றார்.

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று நத்தையைப் பற்றியது. மற்றது, நாளை இருப்போமோ தெரியாத நிலத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிரை ஏன் வைக்க வேண்டும் என்பது. இரண்டாவது கேள்வியை நமது குடும்பங்கள் பலவற்றில் கேட்டிருக்கிறேன். முதலாவதற்கு விடை கண்டால் இரண்டாவது அவ்வளவு கடினமாக இராது என்பது எனது எண்ணம். ஆகவே நத்தையிலிருந்தே தொடங்குவோம். ஆனால் அதற்கு முன், நத்தை எதைத் தின்றது, எதைத் தின்னவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

கத்தரி, மிளகாய், பயிற்றை போன்றவை ஒரு போகப் பயிர்கள். நாற்று நட்டு நாலாம் நாள் குருத்தை நத்தை தின்றால் அந்த நாற்றின் கதை அத்தோடு முடிந்தது. வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, தூதுவளை, கறிவேப்பிலை, முருங்கை, வாழை என்பன அப்படியல்ல. இவை பல்லாண்டுப் பயிர்கள். தமக்கு வேண்டிய சேமிப்பை மண்ணுக்குள்ளும் தண்டுக்குள்ளும் வைத்துக்கொண்டே வளர்பவை. வல்லாரையின் ஓடுதண்டு ஒவ்வொரு கணுவிலும் வேர் விடுகிறது. கறிவேப்பிலை தன் பக்கவேரிலிருந்து புதிய கன்றை அனுப்புகிறது. முருங்கையின் பருத்த வேர் கோடை முழுவதும் நீரையும் உணவையும் காத்து வைத்திருக்கிறது. வாழையில் நாம் மரம் என்று சொல்வது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலை மடல்களே. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. எனவே பல்லாண்டுப் பயிரில் பீடை இலையைத் தின்றுவிட்டது என்றால், பீடை வட்டியைத் தின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். முதல் இன்னும் மண்ணில் இருக்கிறது.

அந்தத் தாயின் பாத்தியை ஈர்க்குக் குச்சியால் மெல்லக் கிளறிப் பார்த்தோம். கணுக்களில் வேர் உயிரோடு இருந்தது. வெண்மையாக, நகக்கண்ணளவு துளிர்களும் இருந்தன. அவர் மூன்றாம் முறை நட்டது தேவையற்ற வேலையாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தச் சேமிப்பு அளவற்றதன்று. புதுத்துளிர் ஒவ்வொன்றும் இலை விரியுமுன்னரே தின்னப்பட்டால், செடி முதலிலிருந்தே எடுத்துச் செலவழித்து, ஈற்றில் ஓய்ந்து போகும். புதிதாக நட்ட தண்டிடம் சேமிப்பே மிகக் குறைவு. ஆகவே நாம் காவல் இருக்க வேண்டிய காலம் ஆண்டு முழுவதும் அல்ல. நட்டபின் முதல் ஆறு வாரங்களும், மாரி தொடங்கித் துளிர் வெடிக்கும் முதற் சில வாரங்களுமே அவை. இந்த நாட்களில் கண்ணும் கருத்துமாக இருந்தால், மிகுதிக் காலத்தில் நத்தையும் பூச்சியும் தமது பங்கை எடுத்தாலும் நமது சட்டிக்கு வேண்டியது மிஞ்சும்.

இது நமது நாட்டுக் கதை மட்டுமல்ல. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம்மவர் வீட்டு முற்றங்களில் ஹொஸ்டா என்றொரு செடியைக் காணலாம். அகன்ற அழகான இலைகளைக் கொண்ட இச்செடி யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்கு உரியது. பனிக்காலத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. பனி உருகியதும் மண்ணுக்குள் இருந்த அடிக்கட்டையிலிருந்து குருத்து எழும்பும். எழும்பிய இலையை ஓடில்லாத நத்தைகள் சல்லடைக் கண்ணாகத் துளைத்துவிடும். அங்குள்ளவர்களும் செடியைப் பிடுங்கி எறிவதில்லை. குருத்து வரும் வாரங்களில் இரவிலே மின்சூளோடு போய் நத்தை பொறுக்குகிறார்கள். குளிர்நாட்டில் நடப்பதும் நமது கிணற்றடியில் நடக்க வேண்டியதும் ஏறத்தாழ ஒன்றே.

நத்தை வந்த வழியும் அதன் வாழ்வும்

நமது தோட்டங்களில் அழிவு செய்யும் பெரிய மண்ணிற நத்தை இந்த மண்ணுக்குரியதல்ல. கிழக்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. மொறீசியஸ் தீவு வழியாக 1847 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் பரவத் தொடங்கியது. மனிதர் கொண்டு திரிந்ததாலேயே இது உலகின் பாதியைச் சுற்றியது. இன்றும் அப்படித்தான் பரவுகிறது. மணல் லொறியிலும், பூச்சாடி மண்ணிலும், வாழைக்குட்டியின் அடியிலும், அடுக்கிய கல்லிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நாம் இடம்பெயர்ந்தபோது அதுவும் சில இடங்களுக்கு நம்மோடு இடம்பெயர்ந்தது என்றால் மிகையன்று.

இந்த நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஒருமுறை கூடிய பின் வித்தைத் தன்னுள்ளே காத்து வைத்துப் பலமுறை முட்டையிட வல்லது. ஒரு தடவையில் நூறு தொடக்கம் நானூறு வரையான முட்டைகளை ஈரமண்ணுக்குள் இடும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், பெரிய சவ்வரிசி போன்று குவியலாக இருக்கும். பொதுவாக ஓரிரு வாரத்தில் பொரித்துவிடும். பகலில் ஒளிந்திருந்து இரவிலும் மழை மூட்டத்திலும் மேயும். ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டுமென்பதால் வெள்ளையடித்த சுவரையும் அரித்துத் தின்னும். சுவரில் நத்தை ஏறி நிற்பதைக் கண்டு, "இது கல்லையும் தின்னுது" என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள்.

இதன் வாழ்வில் நமக்கு மிகவும் உதவக்கூடிய செய்தி ஒன்று உண்டு. கோடையில் இது சாவதில்லை. ஓட்டின் வாயை மெல்லிய தோல் போன்ற மூடியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். வேலி அடியில், குவித்த கல்லுக்குள், வாழைப் பற்றையின் சருகுக்குள், அடுக்கிய பனைமட்டைக்குக் கீழ், பாவிக்காத மலசலகூடக் குழியின் ஓரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் எழுந்து வந்து தின்னும். பின் முட்டையிடும். ஆகவே நத்தைக்கு எதிரான வேலை கார்த்திகையில் தொடங்குவதல்ல. ஆவணி, புரட்டாதி மாதங்களில், மண் காய்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். சருகையும் கல்லையும் புரட்டி, உறங்குகின்ற நத்தைகளைப் பொறுக்கி அகற்றிவிட்டால், மாரியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் தோன்ற இடமில்லாமற் போகும். நாம் எல்லோரும் இதைப் பிந்தியே செய்கிறோம். மழை வந்து பாத்தி அழிந்த பிறகுதான் நத்தை நினைவுக்கு வருகிறது.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த காணிக்குத் திரும்பியவர்கள், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத எந்தப் பற்றையையும் நத்தை தேடிப் புரட்டக் கூடாது. இதனைச் சொல்லாமலே அறிவீர்கள். எனினும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நத்தை பொறுக்குவதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு தூரம் போய்விடுவார்கள்.

மழை தொடங்கிய பின் செய்யக்கூடியது பொறிவைத்துப் பொறுக்குவது. பழைய சணற் சாக்கு ஒன்றை நனைத்துப் பாத்தியின் ஓரத்தில் விரியுங்கள். அதன் கீழே பப்பாசி இலை, கோவா இலை, அல்லது சமையலறையில் கழித்த மரக்கறித் தோலைப் போடுங்கள். பப்பாசி இலை என்றால் நத்தைக்கு நல்ல விருப்பம். இரவு மேய்ந்த நத்தைகள் விடியற்காலையில் ஈரத்தைத் தேடி அச்சாக்கின் கீழ் வந்து ஒதுங்கும். சூரியன் ஏறுமுன் சாக்கைத் தூக்கிப் பொறுக்குங்கள். முதல் வாரம் நாள்தோறும், பின்னர் வாரத்தில் இரண்டு நாள் செய்தாற் போதும். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் பயன் பன்மடங்கு. வேலிக்கு இந்தப் பக்கம் பொறுக்கி அந்தப் பக்கம் எறிவது தீர்வல்ல. அயலவரை அன்பு செய் என்ற கட்டளைக்கு அது மாறானது என்பது ஒருபுறமிருக்க, எறிந்த நத்தை ஓரிரு இரவில் திரும்பி வந்துவிடும்.

பொறுக்கியதை என்ன செய்வது? பலரும் உப்புப் போடுகிறார்கள். உப்பால் நத்தை சாகும் என்பது உண்மையே. ஆனால் அந்த உப்பு பாத்தியில் கரைந்து மண்ணில் தங்கும். ஏற்கெனவே கிணற்று நீர் உவர்ந்துவரும் நமது பகுதிகளில், தோட்டத்து மண்ணில் நாமே உப்பைப் போடுவது அறிவுடைமையன்று. தடித்த பையொன்றில் இட்டுக் கட்டி, கல்லால் நசுக்கி, கிணற்றுக்குத் தூரமாக ஒன்றரை அடிக் குழியில் புதைத்துச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடுங்கள். நசுக்குவதற்கு மனம் வராத முதியவர்கள் இருக்கிறார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. வீட்டில் வேறொருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். வெற்றோடுகளை அங்கங்கே விட்டுவிடாதீர்கள். அவற்றில் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். முட்டைக் குவியலைக் கண்டால் மண்ணோடு அள்ளி வெயிலில் பரப்பி விடுங்கள், காய்ந்து போகும்.

செடியைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு உலர்ந்த அடுப்புச் சாம்பலை அல்லது நீறிய சுண்ணாம்பைத் தூவினால் நத்தை கடக்கத் தயங்கும். ஆனால் நனைந்தால் பயனில்லை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மீண்டும் தூவ வேண்டும் என்பதால், தாழ்வாரத்தின் கீழோ தறப்பாளின் ஓரத்திலோ இருக்கும் செடிகளுக்கே இது உகந்தது. சுண்ணாம்பை அளவுக்கு மீறிப் போடவும் கூடாது. நமது செம்மண்ணிலும் சுண்ணக்கல் மண்ணிலும் அது ஏற்கெனவே போதிய அளவு உண்டு.

இவ்விடத்தில் எனது பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னர் நடந்த பயிற்சி வகுப்புகளில், வைக்கோலும் சருகும் கிளிசரியா இலையும் கொண்டு பாத்தியைத் தடிப்பாக மூடுங்கள், நீர் மிச்சமாகும் என்று நான் அழுத்திச் சொன்னதுண்டு. கோடைக்கு அது மிகச் சரியான ஆலோசனை. மாரியில் அதே மூடுபடை நத்தைக்கு மெத்தையாகிவிட்டது. சொன்னபடி செய்தவர்களின் பாத்திகளே முதலில் அழிந்தன. ஆகவே இப்போது இப்படிச் சொல்கிறேன்: தை தொடக்கம் புரட்டாதி வரை மூடுங்கள். ஐப்பசி பிறந்ததும் மூடுபடையைச் செடியின் அடியிலிருந்து ஒரு முழம் விலக்கிக் கூட்டெருக் குழியில் போட்டுவிடுங்கள். மாரியில் மண்ணுக்கு ஈரம் காக்க நாம் தேவையில்லை.

இன்னுமொரு பழக்கத்தை வலியுறுத்துகிறேன். எந்தக் கீரையிலும் ஒரு தாய்ச்செடியை நத்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடைந்த பேசின், அடியில் துளையிட்ட எண்ணெய்க் கலன், வெட்டிய உரப்பை எதுவானாலும் போதும். மண் நிரப்பித் தாழ்வாரத்தில் கம்பியால் தொங்கவிடுங்கள். நிலத்திலுள்ள பாத்தி முழுவதும் அழிந்தாலும் அதிலிருந்து கிள்ளி மீண்டும் நடலாம். அந்தத் தாய் மூன்று முறையும் நடுகைக்காக ஊரெல்லாம் கேட்டுத் திரிந்ததாகச் சொன்னார். தொங்கும் பேசின் ஒன்று இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

வல்லாரைச் சம்பலும் நத்தையின் சளியும்

வல்லாரையை நாம் பெரும்பாலும் பச்சையாகவே சம்பல் போடுகிறோம். எனவே இதைக் கவனமாக வாசிக்கும்படி தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இந்த நத்தையின் உடலில் வளர்வதுண்டு. அவை மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையை மூடியுள்ள சவ்வில் அழற்சியை உண்டாக்கும். கடுந் தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி என்பன அதன் அறிகுறிகள். எல்லா நத்தையிலும் இப்புழு இருக்கும் என்பதில்லை. ஆனால் எதில் உண்டு, எதில் இல்லை என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

நத்தை மேய்ந்த பாத்திக் கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் அல்லது மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் மடிப்பையும் பாருங்கள். மிளகு அளவான குஞ்சு நத்தை அங்கேதான் ஒட்டியிருக்கும். நத்தை அதிகமான மாரி வாரங்களில் சம்பலைத் தவிர்த்து வறையாகவோ கறியாகவோ சமைத்து உண்பதே பாதுகாப்பு. வெந்தால் பயமில்லை. நத்தையை வெறுங்கையால் தொடாமல், கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பொறுக்குங்கள். பின்னர் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். கிணற்றுக்கட்டில் நத்தை ஏறாமல் பார்த்துக்கொள்வதும், குடிநீரைக் கொதிக்க வைப்பதும் நல்லது.

நத்தைக்கென்று கடையில் விற்கப்படும் நச்சு உருண்டைகள் பற்றிப் பலர் கேட்கின்றனர். அவற்றிலுள்ள மெற்றல்டிகைட்டு என்னும் நஞ்சு நத்தையைக் கொல்லும். நாயையும் கோழியையும் கொல்லும். தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைத்தால் அதற்கும் ஆபத்து. ஒரே வளவில் நான்கு குடும்பம் இருக்கும் இடத்தில், யாருடைய பிள்ளை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? செம்பகம் நத்தையைத் தேடித் தின்னும் பறவை. அதற்கும் இந்த நஞ்சு கேடு விளைவிக்கலாம். எனவே குடியிருக்கும் வளவுக்குள் இதனை வேண்டாம் என்பதே எனது கருத்து. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிலே உரமும் மருந்தும் கிடைக்காமற் போனபோதும், பின்னர் 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், வீட்டுத்தோட்டத்தைச் சாம்பலும் வேம்பும் கையுமாகவே பலர் காப்பாற்றினார்கள். பெருந்தோட்டத்தில் அது இலகுவன்று. நாலு பாத்திக்கு அது முடியும்.

முருங்கை, பப்பாசி, கறிவேப்பிலை

முருங்கையில் மயிர்க்கொட்டி வந்தால் இலை முழுவதும் ஓரிரு நாளில் போய்விடும். இரவில் ஏறி மேயும். பகலில் இறங்கி அடிமரத்தில் கம்பளி விரித்தாற்போல் கூட்டமாக ஒட்டியிருக்கும். சூள் கொளுத்திச் சுடுவது நம் முன்னோர் வழக்கம். கல்வீட்டு வளவில் அது சரி. கிடுகுக் கூரையும் தறப்பாளும் உள்ள இடத்தில் தீப்பொறி ஒன்று போதும், இருப்பதையும் இழந்துவிடுவோம். அதற்குப் பதிலாக, பகலில் அவை கூட்டமாக இருக்கும்போது பழைய தும்புத்தடியால் வழித்து, சவர்க்காரம் கரைத்த வாளித் தண்ணீருக்குள் விழுத்துங்கள். கையும் கழுத்தும் மூடியிருக்கட்டும். மயிர் பட்டால் தடிக்கும், கடிக்கும். இலை முழுதும் போன மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் துளிர்க்கும். காய்த்து ஓய்ந்தபின் நெஞ்சளவு உயரத்தில் கொப்பை வெட்டிவிட்டால், அடுத்த முறை மயிர்க்கொட்டியின் முட்டையைத் தேடுவதற்கும் வசதியாக இருக்கும்.

பப்பாசியிலும் மரவள்ளியிலும் செவ்வரத்தையிலும் பஞ்சு ஒட்டியதுபோல் காணப்படும் வெண்மூட்டுப்பூச்சியின் வரலாறு படிப்பினைக்குரியது. 2008 ஆம் ஆண்டில் இப்பூச்சி இலங்கையில் கண்டறியப்பட்டது. பல இடங்களில் பப்பாசி மரங்கள் அடியோடு பட்டன. மருந்தடித்தும் பெரும் பயன் கிடைக்கவில்லை, ஏனெனில் அதன் மேலுள்ள மெழுகுப் பொடி மருந்தை உள்ளே விடாது. அடுத்த ஆண்டில், இப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் நுண்ணிய குளவியினம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குளவி, மருந்தால் முடியாததைச் செய்தது. ஆகவே இன்று உங்கள் பப்பாசியில் இப்பூச்சியைக் கண்டவுடன் மருந்துத் தாங்கியைத் தோளில் போடாதீர்கள். குளவிதான் முதலில் சாகும். பூச்சி அப்பிய இலையை வெட்டிப் புதையுங்கள். மிகுதியை வேகமான நீரால் கழுவுங்கள். அதைக் காவித் திரியும் எறும்பின் பாதையை அடிமரத்தில் சாம்பலால் மறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் இடித்த வேப்பம் பருப்பு. இரவு முழுதும் ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். அன்றன்று செய்து அன்றன்று முடிப்பது நல்லது.

கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போலக் கிடப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தபின் பச்சை நிறமாக மாறும். கன்று முழங்கால் உயரம் வரும் வரை கையால் எடுத்துவிடுங்கள். ஆளுயர மரத்தில் அது தின்பது நமக்கு ஒரு பொருட்டல்ல. வண்ணத்துப்பூச்சியைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

மற்றவர் காணியில் நடுவது

இனி இரண்டாவது கேள்வி. இடம்பெயர்ந்தவர் மற்றவர் காணியில் மரம் வைப்பது நமது சமூகத்தில் சிக்கலான விடயம். மரம் வைத்தவருக்கு உரிமை வந்துவிடுமோ என்று காணிக்காரர் அஞ்சுவார். கேட்டால் மறுப்பாரோ என்று இருப்பவர் அஞ்சுவார். இருவரும் பேசாமல் இருப்பதால் வளவு வெறுமையாகக் கிடக்கும். பங்கிலே இதற்காக ஏற்பட்ட மனத்தாங்கல்கள் சிலவற்றைத் தீர்த்துவைக்க வேண்டி வந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நடுவதற்கு முன்னரே நேரே கேளுங்கள். தென்னை, மா, பலா வைக்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீரைகள், உரப்பையில் கறிவேப்பிலை, வேலிக் கதியாலாக முருங்கையும் கிளிசரியாவும், இவ்வளவே போதும் என்று கேட்டால் மறுப்பவர் அரிது. வேலி உறுதியாவது காணிக்காரருக்கும் நன்மையே. போகும்போது கதியால் வேலியோடு நிற்கும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய கடிதத்தைத் திருவழிபாட்டில் கேட்டிருப்பீர்கள். திரும்பும் நாளைக் குறித்துப் பேசும் அதே கடிதத்தில், அந்நிய மண்ணில் தோட்டம் போட்டு அதன் பயனை உண்ணுமாறும் அவர் சொல்கிறார். இரண்டையும் ஒருசேரச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பல்லாண்டுப் பயிரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். மேலே கூறிய பயிர்களில் பெரும்பாலானவை தண்டாகவோ குட்டியாகவோ கூட வரக்கூடியவை. ஆனால் எடுத்துச் செல்லும் முறை முக்கியம். மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோனால் நத்தை முட்டையையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பக் கிடைத்த காணிக்கு நாம் கொண்டுசெல்லும் முதற்பொருள் அதுவாக இருக்கக் கூடாது.

வாழைக்குட்டியென்றால், பழைய இடத்தில் வைத்தே வேரையும் மண்ணையும் நீக்கி, கிழங்கின் மேற்றோலை வெண்மை தெரியும்வரை கத்தியால் சீவிவிடுங்கள். துளையோ கறுத்த கோடோ தெரிந்தால் கிழங்கு வண்டு உள்ளே இருக்கிறது, அந்தக் குட்டி வேண்டாம். சீவிய கிழங்கைக் கொதிக்கும் நீரில் முப்பது வினாடி மட்டும் அமிழ்த்தி எடுத்தால், எஞ்சிய முட்டையும் வட்டப்புழுவும் பெரும்பாலும் அழியும். அதற்கு மேல் வைத்தால் கிழங்கு அவிந்துவிடும். சீவியதை அங்கேயே விடாமல் வெயிலில் காயவையுங்கள். மரவள்ளித் தடியை வெண்மூட்டுப்பூச்சி இல்லாத செடியிலிருந்து வெட்டி, நிழலில் நிமிர்த்தி வைத்தால் ஓரிரு வாரம் தாங்கும். முருங்கைக் கதியால் கையின் மணிக்கட்டுத் தடிப்பில், நான்கடி நீளத்தில் இருக்கட்டும்.

வல்லாரையும் பொன்னாங்காணியும் இன்னும் இலகு. ஓடுதண்டை மூன்று நான்கு கணுவாக வெட்டி, வேரில் ஒட்டிய மண் முழுவதும் போகும்படி வாளி நீரில் அலசுங்கள். இலையின் அடியில் குஞ்சு நத்தை இல்லையென்று பார்த்து, ஈரமான வாழைமடலில் சுற்றி வாழைநாரால் கட்டுங்கள். நிழலில் வைத்து இடையிடையே நீர் தெளித்தால் இரண்டு நாள் பயணத்துக்குத் தாங்கும். போய்ச் சேர்ந்த அன்றே, சாமான் இறக்குமுன்னர் என்றாலும் சரி, ஒரு பேசினில் நட்டு உயரத்தில் தொங்கவிட்டு விடுங்கள்.